டிரெசர் செல்லையாவின் எழுத்து

மூணாம் டிவிசன், ரிங்லெட்
7.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புனிதா எழுதுகிறேன். அம்மாவுக்கு மூச்சிரைப்பு வழக்கம்போல்தான் இருக்கிறது, கூடவில்லை. உங்கள் மாப்பிள்ளை திரிங்காப்பிலிருந்து முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு லோரியும் கையுமாக அலைகிறார். எனக்கு முதுகுவலி. நீங்களும் மலர் அண்ணியும் சுகம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். கேட்கலாம் என்றால் நீங்கள் போன் எடுப்பதில்லையே. ஐந்து முறை அடித்தேன். வாட்சாப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் விழவில்லை. தைப்பிங்கில் நீங்கள் படித்தபோது அப்பா வாரம் ஒரு கடிதம் எழுத வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். கடிதம் வந்தால் பிரிக்காமல் இருக்க உங்களால் முடியாது.

விஷயம் நம் வீட்டுக் கம்ப்யூட்டர். திறந்தாலே ஒரு நீலப் பலகை வந்து நிற்கிறது. அக்டோபரோடு இந்த விண்டோஸைக் கைவிடுகிறார்களாம், புதியதற்கு மாற வேண்டுமாம். மாறலாம் என்று அமுக்கினால், உன் பெட்டி பழசு, மாற முடியாது என்கிறது. இதற்கு நான் என்ன செய்ய? தோட்ட ஆபீசில் எட்டு மணி நேரம் கிராணியாகக் கணக்கு எழுதிவிட்டு வந்தால், வாசலில் இரண்டு பேர் அரசாங்க விண்ணப்பப் பாரம் நிரப்ப நிற்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு பெட்டிதான்.

இன்னொன்று. அம்மாவின் நாலாவது மனுவைப் போன பிப்ரவரியில் போட்டோம். இந்த முறையாவது குடியுரிமையும் நீல ஐ.சி.யும் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்த மண்ணில் பிறந்து அறுபத்தேழு வருஷம் ஆகியும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி. கார்டோடுதான் இருக்கிறாள். பிறப்புப் பத்திரம் இல்லை. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது பழைய பிரசவ நோட்டைப் பார்த்து டைப் அடித்த பட்டியல் ஒன்றுதான் சாட்சி. நோட்டு ஈரத்தில் ஒட்டி அடை மாதிரி ஆகிப் போய்விட்டது. அப்பா அச்சடித்து வைத்திருந்த தாள்கள் முந்திய மனுவோடு போனவை, திரும்பவில்லை. பட்டியல் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே பார்த்துச் சொல்லுங்கள்.

நேற்று அம்மா கேட்டாள்: "ஏன்டி, நான் செத்தா அந்த சர்டிபிகேட்டுல என்னான்னு எழுதுவாங்க? இந்த ஊரு ஆளுன்னு போடுவாங்களா, மாட்டாங்களா?" நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
புனிதா


கிள்ளான்
19.9.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மலர்தான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உனக்குத் தபாலில் அனுப்ப முடியாது. இரண்டு பேரும் நலம். போன் விஷயம் மன்னித்துக்கொள். பேக்டரியில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பு இல்லை.

கம்ப்யூட்டருக்கு வழி சுலபம். விண்டோஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறிவிடு. பழைய பெட்டியிலும் ஓடும், இலவசம், யாரும் நீலப் பலகை காட்டி மிரட்ட மாட்டார்கள். இதோடு இரண்டு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். சிவப்பு காலி. கறுப்பில் லினக்ஸ் இருக்கிறது.

முதலில் சிவப்பைச் செருகி, உன்னுடைய பாரங்கள், படங்கள், அப்பாவின் போல்டர், எல்லாவற்றையும் அதில் நகல் எடு. எடுத்ததைக் கழற்றிப் பத்திரமாக வை. அப்புறம் கறுப்பைச் செருகி, பெட்டியை அணைத்துத் திரும்பப் போடும்போது F12 பொத்தானை விடாமல் தட்டு. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடு. ஏற்றவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல். டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழிக்கவா என்று கேட்கும்போது பயப்படாதே, அதற்கும் ஆமாம். அரை மணி நேரம். முடிந்ததும் சிவப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போடு. இந்தக் கடிதத்தைக் கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

அப்பாவின் பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. நான் பொறுப்பு.

தீபாவளிக்கு வருவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அம்மாவுக்குப் புகை ஆகாது, விறகு அடுப்புப் பக்கம் விடாதே.

அன்பு அண்ணன்,
விமலன்


ரிங்லெட்
5.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். மழை. டேம் பக்கம் மண் சரிந்து, அவர் லோரி நேற்று நாலு மணி நேரம் நின்றுவிட்டது.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சிவப்பில் நகல் எடுத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். கறுப்பைச் செருகி F12 தட்டு தட்டென்று தட்டினேன். அழிக்கவா என்று கேட்டபோது உங்கள் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். அம்மா பக்கத்தில் மாங்கிஸ் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி யோசிக்கிறே?"

"எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்குதும்மா."

"உங்கண்ணன் சொன்னானா?"

"சொன்னாரு."

"அப்புறம் என்னாலா? அமுக்கு."

அமுக்கிவிட்டேன். பெட்டி இப்போது நன்றாக ஓடுகிறது, சும்மா சொல்லக் கூடாது. காத்தாடி சத்தம்கூட இல்லை. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் தலை சுற்றுகிறது. வேறு ஒருத்தர் வீட்டு அடுப்பங்கரையில் உப்பு தேடுகிற மாதிரி இருக்கிறது. பழகிவிடும். அப்பாவின் போல்டரையும் உள்ளே போட்டுவிட்டேன். திறந்து பார்க்கவில்லை, எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

தீபாவளிக்கு வாருங்கள் அண்ணே. இரண்டு வருஷம் ஆயிற்று. அம்மா முறுக்கு அச்சைத் தேடி எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள். 

புனிதா


கிள்ளான்
15.10.2025

அன்புள்ள புனிதாவுக்கு,

சபாஷ். எங்கள் பேக்டரியில் சம்பளம் வாங்குகிறவர்களே இதைச் செய்யப் பயப்படுவார்கள்.

தீபாவளிக்கு வர முடியாத நிலை. ஷிப்ட்தான். அம்மாவுக்கு ஒரு சேலையும் உனக்கு ஒன்றும் மலர் எடுத்து வைத்திருக்கிறாள், தபாலில் வரும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமலன்


ரிங்லெட்
9.11.2025

அண்ணனுக்கு,

சேலை வந்தது. நிறம் அம்மாவுக்குப் பிடித்தது. முறுக்கு சுடவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அம்மாவை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜனவரி 8, காலை ஒன்பது மணி, குவாந்தான். பிறந்ததற்கு ஆதாரம் எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லிக் கடிதம். அம்மா அதை மேனேஜர் துரையிடம் காட்டி, கியா பார்மில் கடை வைத்திருக்கும் அன்பரசியிடம் காட்டி, கடைசியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

இப்போது மற்றதைக் கேளுங்கள். அச்சடிக்கலாம் என்று அப்பாவின் பட்டியலைத் திறந்தேன். தமிழ் இல்லை அண்ணே. ஒரு எழுத்துகூட இல்லை. தொப்பி போட்ட ஏ, வால் முளைத்த சி, தலைகீழ் கேள்விக்குறி, இப்படிப் பதினெட்டுப் பக்கம். வருஷமும் தேதியும் மட்டும் எண்களாக நிற்கின்றன. 1958 என்று பதினோரு வரி இருக்கிறது. அதில் எது அம்மா என்று எனக்குத் தெரியவில்லை. சிவப்புப் பென்டிரைவில் இருப்பதும் இப்படித்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் இதே கூத்து.

நான் என்ன தப்பு செய்தேன்? நீங்கள் எழுதியதை வரி வரியாகத்தானே செய்தேன்?

இன்னொன்றும் கேட்கிறேன். 2012 தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது அப்பா ஒரு சிடியைக் கொடுத்து, "பழைய எழுத்து இனிமே நிக்காதுப்பா, புது எழுத்துக்கு மாத்திக் குடு" என்றார். ஊருக்குக் கிளம்புகிற அன்று நீங்கள், "மாத்திப் பெட்டியில போட்டுட்டேன்பா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் தேநீர் கொண்டு வந்துகொண்டிருந்தேன். அந்த மாற்றிய கோப்பு எங்கே? எந்தப் பெயரில் இருக்கிறது?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

புனிதா


கிள்ளான்
26.11.2025

அன்புள்ள புனிதாவுக்கு,

அம்மாவின் செய்தி கேட்டு மலர் அழுதுவிட்டாள். எனக்கும் சந்தோஷம்.

உன் மேல் தப்பு இல்லை. அப்பா டைப் அடித்தது பழைய முறை. இன்று நாம் போனில் அடிக்கிற தமிழ் எல்லாப் பெட்டியிலும் தமிழாகவே தெரியும். அன்று அப்படி இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்த எழுத்துரு ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். அது இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் நீ பார்த்த தொப்பியும் வாலும். அந்த எழுத்துரு விண்டோஸுக்குள் ஒரு மூலையில் இருந்தது. அழித்தபோது அதுவும் போய்விட்டது.

கடையில் வாங்கிய எழுத்துருவாக இருந்தால் இணையத்தில் கிடைக்கும். அப்பாவுடையது ஈப்போவில் அச்சகம் வைத்திருந்த காளிமுத்து தானே செய்து கொடுத்தது. எந்த இடத்தில் எந்த எழுத்தை ஒட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். நீ வாட்சாப்பில் அனுப்பிய ஒரு பக்கத்தை எனக்குத் தெரிந்த எழுத்து மாற்றிகள் ஆறிலும் போட்டுப் பார்த்தேன், குப்பையாக வருகிறது. அழிந்த டிஸ்க்கிலிருந்து மீட்கலாமா என்று கேட்பாய். அந்த இடத்திலேயே புதியது உட்கார்ந்துவிட்டது.

காளிமுத்து வீட்டில் விசாரித்துப் பார். நானும் இங்கே தேடுகிறேன்.

குளிர் காலம், அம்மா காதைக் கட்டிக்கொள்ளட்டும்.

விமலன்


ரிங்லெட்
3.12.2025

அண்ணனுக்கு,

அம்மா இருமுகிறாள். மற்றபடி நலம்.

ஒரு நாள் லீவு போட்டு ஈப்போ போய் வந்தேன். காளிமுத்து மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம். அச்சகம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அவர் மகள், "அப்பா சாமானெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்கா, தெரியாமப் போச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது? திரும்பி வரும்போது தாப்பாவில் பஸ் கெட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். எழுத்துரு பற்றி இருக்கிறது, டிஸ்க் பற்றி இருக்கிறது, காளிமுத்து மாமா பற்றி இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றிய கோப்பு எங்கே அண்ணே?

அம்மாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆத்திரப்படுவாள் என்று பயந்தேன். "உங்கண்ணன் ஏதாச்சும் பண்ணுவான்லா, அவன் படிச்சவன்" என்றாள். எனக்குத்தான் அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

புனிதா


ரிங்லெட்
21.12.2025

அண்ணனுக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. நீங்களும் அண்ணியும் நலம்தானா என்று முதலில் பயந்தேன். அண்ணிக்குப் போன் போட்டேன். "இருக்காரு புனிதா, ஸ்டோரைப் போட்டுக் கொடைஞ்சிக்கிட்டே இருக்காரு, கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றாரு" என்றார். சரி, இருக்கிறீர்கள்.

நான் சும்மா இருக்க முடியாது. பதினெட்டு நாள்தான் பாக்கி. போன வாரம் கோயில் ஆபீசில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 2003 திருவிழா நோட்டீசைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அப்பா அடித்துக் கொடுத்தது. அடுத்த நிமிஷம் வீட்டுக்கு ஓடினேன். அந்த நோட்டீசின் கோப்பும் அப்பாவின் போல்டரில் இருக்கிறது, தொப்பியும் வாலுமாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த எழுத்து என்று தெரிந்துவிடும் அல்லவா?

தலைவர் ஆணியைப் பிடுங்கி நோட்டீசைக் கொடுத்துவிட்டார். முதல் வரி 'அருள்மிகு மாரியம்மன்'. தொப்பி போட்டது ம. வால் முளைத்தது ர. இப்படி ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே வருகிறேன். ஆபீஸ் விட்டு வந்து விளக்கு வைக்கும் வரைக்கும் உட்கார்ந்தால் பத்து எழுத்து தேறுகிறது. கண்ணெல்லாம் எரிகிறது. பாரம் நிரப்ப வருகிறவர்களை ஜனவரிக்கு அப்புறம் வரச் சொல்லிவிட்டேன்.

நோட்டீசில் இல்லாத எழுத்துகளும் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு அம்மா உதவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் லயத்து வீடுகளில் யார் எப்போது பிறந்தார்கள் என்று கேட்டால் போதும். "வேலைக்கு ஆளுங்கள வெரட்டுவானே, தண்டல் ரெங்கசாமி, அவன் எனக்கு ரெண்டு மாசம் மூத்தவன்டி. பொங்கப் பானை எறக்கறப்ப பொறந்தான்னு எங்காத்தா சொல்லும்" என்றாள். 1958 ஜனவரியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது ரெங்கசாமி மாமாவாகத்தான் இருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு எழுத்து கிடைத்தது. அவருக்கும் சிவப்பு ஐ.சி.தான், உங்களுக்குத் தெரியும்.

இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தம். கோபம் என்று சொல்ல மாட்டேன், அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

புனிதா


கிள்ளான்
28.12.2025

புனிதாவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நான் மாற்றவில்லை. 2012இல் மாற்றவில்லை, அதற்குப் பிறகும் மாற்றவில்லை. மாற்றிவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னது பொய்.

அந்த வருஷம் ஆகஸ்டில் எனக்கு வேலை போயிருந்தது. மலரிடம்கூடச் சொல்லாமல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்ட நேரத்தில் அப்பா சிடியைக் கையில் கொடுத்து, உன்னால்தான் முடியும் என்றார். மூன்று நாள் வேலை அது. என்னால் அதைத் திறக்கவே முடியவில்லை. கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்து வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. ஊருக்குப் போய்ச் செய்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். மறு வருஷம் அப்பா போய்விட்டார். பட்டியல் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. நான் விட்டுவிட்டேன்.

இன்னும் மோசமானதைச் சொல்கிறேன். செப்டம்பரில் உனக்கு வழிமுறை எழுதும்போது எழுத்துருவையும் நகல் எடு என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் மாற்றவில்லை என்று சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டேன். அந்த எழுத்துருவும் உள்ள சிடி என்னிடம் இருக்கிறது, அப்புறம் வந்து யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டித் தேடினேன். இல்லை. வீடு மாறியபோது பழைய சிடிகளை எல்லாம் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டது நான்தான், வேறு யாரும் இல்லை.

அதனால்தான் போன் எடுப்பதில்லை. அம்மா குரல் கேட்டால் தாங்காது.

விமலன்


ரிங்லெட்
11.1.2026

அண்ணனுக்கு,

அம்மா நலம். இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு முதுகு இன்னும் வலிக்கிறது. உங்களுக்கும் அண்ணிக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

ஜனவரி மூன்றாம் தேதி அம்மாவைக் கண்டுபிடித்தேன். மார்ச் மாதத்து வரி. '3.3.1958, பெண், வடிவம்மாள், தாய் வேலாயி, தகப்பன் கந்தசாமி, ஏழாம் லயம்.' தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்காத்தா பேரும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "இன்னொருக்கா படி" என்றாள். நாலு தடவை படித்தேன்.

மேனேஜர் துரை, இது தோட்டத்து டிரெசர் எடுத்து வைத்த பட்டியல்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூலப் பக்கம், என் எழுத்து அட்டை, நான் மாற்றிய பக்கம், மூன்றையும் எடுத்துக்கொண்டு குவாந்தான் போனோம். அவர் லோரி வேலையை விட்டுவிட்டு, கூட்டாளியின் காரில் கூட்டிப் போனார். வழியெல்லாம் மழை. அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

உள்ளே ஒரு மலாய்க்கார அம்மா. நல்ல மாதிரி. என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவிடம், இங்கேதான் பிறந்தீர்களா என்று மலாயில் கேட்டார். அம்மா, "சாயா லாஹிர் சினி, மத்தி புன் சினி" என்றாள். இங்கேதான் பிறந்தேன், சாவதும் இங்கேதான். அந்த அம்மா பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்து, நகலில் முத்திரை குத்திக் கொடுத்து, காத்திருங்கள் என்றார். காத்திருக்கிறோம். அம்மா அந்த நகலுக்குப் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே. நாங்கள் என்ன வேற்று ஆட்களா? எழுத்துருவை எழுதாமல் விட்டதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக இரண்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமா?

நான் மாற்றியது 1958ஆம் வருஷம் மட்டும்தான். பட்டியலில் 412 பேர் இருக்கிறார்கள். ரெங்கசாமி மாமாவுக்கு நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஆறேழு பேர் சிவப்பு ஐ.சி.யோடு இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். என்னால் முடியாது. கண் போய்விட்டது. இதோடு எழுத்து அட்டையின் நகலும் சிவப்புப் பென்டிரைவும் வைத்திருக்கிறேன். அப்பா உங்களிடம் கொடுத்த வேலை. நீங்கள் செய்யுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒன்றையும் விடாமல்.

புனிதா


கிள்ளான்
15.3.2026

என் அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பு எப்படி? மலர் நலம். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

முடித்துவிட்டேன். 412 பேர். உன் அட்டையை வைத்து ஒரு சின்ன மாற்றி எழுதினேன். பாதி சரியாக வந்தது. மீதியை ஒவ்வொரு எழுத்தாகக் கையால் திருத்தினேன், ஷிப்டுக்குப் போகும் முன்னால் ஒரு மணி நேரம், வந்து ஒரு மணி நேரம். உன் அட்டையில் மூன்று இடத்தில் தப்பு இருந்தது. அதை வைத்துக்கொண்டே நீ அம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறாய். அச்சடித்து இரண்டு பிரதி கட்டிவிட்டேன். ஒன்று உனக்கு, ஒன்று கோயில் ஆபீசுக்கு.

பதினேழாம் பக்கத்தோடு பெயர்கள் முடிகின்றன. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு பத்தி மட்டும் இருந்தது, எண்ணே இல்லாமல். தலைப்பு ஏதாவது இருக்கும் என்று நினைத்து மாற்றினேன். முதல் சொல் 'விமலா' என்று வந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் மீதியை மாற்றினேன். அப்படியே எழுதுகிறேன்:

'விமலா, நீ ஊருக்குப் போன மறுநாள் திறந்து பார்த்தேன். மாறவில்லை. உன் சட்டைக் காலர் நைந்திருந்தது. வேலை போய்விட்டது போலிருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறாய். நானும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. முடிகிறபோது செய். இதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கிறேன். இத்தனை பேரையும் தாண்டி வருகிறவன் கண்ணில்தான் படும். வந்துவிட்டாயா? களைத்திருப்பாய். போய்ச் சாப்பிடு.'

அவ்வளவுதான் புனிதா. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் எட்டு மாதம் உயிரோடு இருந்தார், வாரா வாரம் என்னோடு போனில் பேசினார், ஒரு தடவைகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பதின்மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மலரும் வருகிறாள். ஷிப்டைப் பற்றி நீ கேட்க வேண்டாம், லீவு சொல்லிவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்கிறேன், நீ எதையும் மூடி மறைக்காதே. என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். உன் திட்டையும் சேர்த்து.

மலர் தட்டை வைத்துவிட்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

விமலன்